வெளியுறவுத் துறைக்கு எது ‘வெளி’?

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைப் பாடமாக நடத்தும்போது, “அயல்நாட்டுத் துறை” என்ற சொல் வந்தால் மாணவர்கள் சீனாவையும் பிரான்சையும் நினைத்துக்கொள்வார்கள். கம்பெனி நினைத்தது வேறு.

1783 செப்டம்பர் 13 அன்று கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸின் பணிச்சுமையைக் குறைக்க, ரகசிய, அரசியல் அலுவல்களைக் கவனிக்கத் தனித் துறை அமைந்தது. நம் வெளியுறவு அமைச்சகத்தின் வேர் இதுதான். அந்தத் துறைக்கு ‘வெளியார்’ யார்? மராத்தியர், ஐதராபாத் நிஜாம், மைசூரின் திப்பு சுல்தான். இவர்களோடு கடிதப் போக்குவரத்து பெரும்பாலும் பாரசீக மொழியில் நடந்தது. அப்போது மைசூருடன் போரே நடந்துகொண்டிருந்தது. சேலமும் கிருஷ்ணகிரியும் மைசூரின் ஆட்சியில் இருந்ததால், கம்பெனியின் கணக்கில் அவையும் அயல்நாடே!

பிறகு அந்த அரசுகள் சுதேச சமஸ்தானங்களாகச் சுருங்கின. ஆனாலும் அவற்றைக் கண்காணிக்கும் வேலை இதே துறையிடம்தான் இருந்தது. ஆப்கானிஸ்தானும் ஐதராபாத்தும் ஒரே அலுவலகத்தின் கோப்புகள். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1937இல்தான் சமஸ்தானங்களுக்கு அரசியல் துறை, பிற நாடுகளுக்கு வெளிவிவகாரத் துறை என இரண்டாகப் பிரிந்தது.

1946 செப்டம்பரில் இடைக்கால அரசில் வெளிவிவகாரத்தை நேரு ஏற்றார். அடுத்த மாதமே இந்திய அயல்நாட்டுப் பணியை உருவாக்க முடிவானது. சமஸ்தானங்களுக்கு 1947 ஜூலையில் புதிய துறை பிறந்து பட்டேலிடம் சென்றது. ஒரே அலுவலகமாக இருந்தது இரு தலைவர்களின் இருவேறு பணியானது. பாடநூலில் சமஸ்தான இணைப்பும் அயலுறவுக் கொள்கையும் தனித்தனிப் பாடங்களாக வருவதால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை.

கோடு அப்போதும் நேராகிவிடவில்லை. இன்றைய அருணாச்சலப் பிரதேசம் (அன்று வடகிழக்கு எல்லைப்புற முகமை) 1965 வரை வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பில்தான் இருந்தது. நம் நாட்டு மண், நிர்வாகம் மட்டும் வெளியுறவுத் துறையிடம்! காரணம் கேட்டால் மாணவர்களையே எல்லை வரைபடத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

வகுப்பில் ஒரு சிறு செயல்பாடு: 1783ஆம் ஆண்டு இந்திய வரைபடத்தின் வெற்றுப் படியைக் கொடுத்து, கம்பெனிக்கு அயல்நாடாக இருந்த பகுதிகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். சேலம், கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடும்போது கேள்விகள் தானாக வரும்.