இந்தியாவில் ஓட்டுநர் உரிமத் தேர்வும் சாலைப் பாதுகாப்பும்

ஓட்டுநர் உரிமத் தேர்வு என்பது பொதுச் சாலையில் மோட்டார் வண்டி ஓட்ட ஒருவர் தகுதி பெற்றவரா என்பதை அரசு சோதித்தறியும் முறையாகும். இந்தியாவில் இத்தேர்வை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் (ஆர்.டி.ஓ.) நடத்துகின்றன. நாட்டில் சாலை விபத்துகளால் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கும் நிலையில், உரிமம் எளிதாகக் கிடைப்பதுதான் மோசமான ஓட்டும் பழக்கங்களுக்குக் காரணமா, தேர்வைக் கடுமையாக்கினால் உயிரிழப்பு குறையுமா ஆகிய கேள்விகள் தொடர்ந்து விவாதிக்கப்படுகின்றன.

சட்டப் பின்னணி

பிரித்தானிய இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கான சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 1939ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தற்போது நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம், 1988, 1989 சூலை 1 முதல் செயற்பாட்டுக்கு வந்தது. தேர்வு நடத்தும் முறையை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 வகுத்துரைக்கின்றன. 2019இல் சட்டம் பெருமளவில் திருத்தப்பட்டு அபராதங்கள் பல மடங்கு உயர்த்தப்பட்டன.

சொந்த வண்டி ஓட்ட 18 வயதும், போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 50 கன செ.மீ.க்கு மிகாத பொறி கொண்ட இருசக்கர வண்டியை 16 வயதில் ஓட்டலாம். ஆனால் இன்று விற்பனையாகும் பெட்ரோல் மொபெட்டுகளும் ஸ்கூட்டர்களும் ஏறத்தாழ அனைத்தும் இந்த அளவைத் தாண்டியவை. எனவே பள்ளி மாணவர் ஒருவர் வீட்டு ஸ்கூட்டரை எடுத்துச் செல்வது பெரும்பாலும் சட்டமீறலே ஆகும். சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க 2019 திருத்தம் வழி செய்கிறது. அச்சிறார் 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

உரிமம் பெறும் முறை

முதலில் பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) பெற வேண்டும். இதற்குப் போக்குவரத்துக் குறியீடுகள், சாலை விதிகள் பற்றிய வினாக்களில் குறைந்தது 60 விழுக்காடு சரியாக விடையளிக்க வேண்டும். இது ஆறு மாதங்களுக்குச் செல்லும். பழகுபவர் 'எல்' பலகையைப் பொருத்திக்கொண்டு, உரிமம் பெற்ற ஒருவரின் துணையுடன் பழக வேண்டும். முப்பது நாள்கள் கழிந்தபின் ஓட்டுத் தேர்வுக்குச் செல்லலாம்.

ஓட்டுத் தேர்வில் கண்ணாடியைச் சரிசெய்தல், சைகை காட்டல், கியர் மாற்றல், முந்துதல், பின்னோக்கி ஓட்டல், நிறுத்தல் எனப் பல திறன்களைச் சோதிக்க விதிகள் கூறுகின்றன. நடைமுறையில் பல இடங்களில் தேர்வு ஒரு திடலிலோ நெரிசல் குறைந்த சாலையிலோ சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கான தேர்வை மக்கள் 'எட்டு போடுதல்' என்றே அழைப்பர். காலைத் தரையில் ஊன்றாமல் 8 வடிவில் ஓட்டிக் காட்டுவதே அதன் முதன்மையான கூறாகும்.

2021 சூலை 1 முதல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இலகுரக வாகனத்துக்கான பயிற்சி 29 மணிநேரம் ஆகும். அதில் 21 மணிநேரம் செய்முறையும் 8 மணிநேரம் பாடமும் அடங்கும். இம்மையங்களில் தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலக ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

விபத்துக்கு இட்டுச்செல்லும் பழக்கங்கள்

மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு (64,105) முதலிடத்திலும், உயிரிழப்பில் உத்தரப் பிரதேசம் முதலிடத்திலும் இருந்தன. இறந்தோரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரின் இறப்புக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியுள்ளது. தலைக்கவசம் அணியாத நிலையில் 50,029 பேரும், இருக்கைப் பட்டி அணியாத நிலையில் 16,715 பேரும் உயிரிழந்தனர்.

அதிவேகத்தின் ஆபத்தை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கைபேசியை இரண்டு நொடி பார்ப்பவர் 33 மீட்டர் தொலைவைச் சாலையைப் பாராமல் கடக்கிறார். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

அடுத்த 'யூ' திருப்பம் தொலைவில் இருப்பதால் எதிர்த்திசையில் வருவது, இடப்புறமாக முந்துவது, இரவில் முகப்பு விளக்கைத் தாழ்த்தாமல் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது, சைகையின்றித் தடம் மாறுவது, இருசக்கர வண்டியில் மூவர் செல்வது, குடித்துவிட்டு ஓட்டுவது ஆகியவை பரவலாகக் காணப்படும் பிற பழக்கங்களாகும்.

தேர்வு எதை அளக்கிறது?

மேற்கண்ட பழக்கங்களில் பெரும்பாலானவை வண்டியை ஓட்டத் தெரியாமையால் வருபவை அல்ல. நன்றாக எட்டு போடத் தெரிந்தவரும் தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு எதிர்த்திசையில் வர முடியும். தேர்வு நாளில் ஒருவர் காட்டும் கைத்திறனைத் திடலில் அளந்துவிடலாம். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மனப்பாங்கும், வரவிருக்கும் ஆபத்தை முன்கூட்டியே உணரும் திறனும் அவ்வளவு எளிதில் அளக்கப்படுவதில்லை. ஆகவே 'கடுமையான தேர்வு' என்பது கடினமான வளைவுகளைக் கூட்டுவதா, சாலை நடத்தையைச் சோதிப்பதா என்பதே இவ்விவாதத்தின் மையமாகும்.

இடைத்தரகர்களும் தில்லி ஆய்வும்

விதிகளின் கடுமையைவிட அவை பின்பற்றப்படுகின்றனவா என்பதே முதன்மையானது என்பதற்குத் தில்லியில் நடந்த ஓர் ஆய்வு சான்றாகக் காட்டப்படுகிறது. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகியோர் 822 விண்ணப்பதாரர்களைப் பின்தொடர்ந்து நடத்திய இந்த ஆய்வு 2007இல் வெளியானது. உரிமம் பெற்றவர்களில் சுமார் 71 விழுக்காட்டினர் ஓட்டுத் தேர்வையே எழுதவில்லை. ஆய்வாளர்கள் தனியாக நடத்திய சோதனையில் 62 விழுக்காட்டினர் ஓட்டத் தகுதியற்றவர்களாகக் காணப்பட்டனர். இடைத்தரகர் வழியாகச் செல்வோர் தேர்வைத் தவிர்க்க முடிந்ததே இதற்குக் காரணமாகும். தேர்வைத் தவிர்க்கும் வழி திறந்திருக்கும்வரை, அதைக் கடினமாக்குவது இடைத்தரகரின் கட்டணத்தை உயர்த்துவதோடு நின்றுவிடக்கூடும். உணர்கருவிகளும் படக்கருவிகளும் பொருத்திய தானியங்கித் தேர்வுத் தளங்கள் இச்சிக்கலுக்கான தீர்வுகளுள் ஒன்றாக முன்வைக்கப்படுகின்றன.

பிற நாடுகளின் முறைகள்

ஐக்கிய இராச்சியத்தில் ஓட்டுத் தேர்வு 1935இல் கட்டாயமாக்கப்பட்டது. தனி எழுத்துத் தேர்வு 1996இலும், காணொளிக் காட்சிகளில் ஆபத்தை முன்னுணரும் சோதனை 2002இலும் சேர்க்கப்பட்டன. உண்மையான சாலையில் நடக்கும் ஓட்டுத் தேர்வில் ஏறத்தாழ பாதிப் பேர் தோல்வியடைகின்றனர். உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் ஆறு தண்டப் புள்ளிகள் பெறுபவர் உரிமத்தை இழந்து, மீண்டும் பழகுநராகத் தொடங்க வேண்டும். சிங்கப்பூரிலும் புதிய ஓட்டுநர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் காலம் உண்டு.

நியூசிலாந்து 1987இல் படிநிலை உரிம முறையைக் கொண்டுவந்தது. இம்முறையில் புதியவர் இரவில் தனியாக ஓட்டுவதற்கும், உடன் ஆட்களை ஏற்றிச் செல்வதற்கும் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் உள்ளன. அனுபவம் கூடக்கூட அவை தளர்த்தப்படுகின்றன. படிநிலை முறை இளம் ஓட்டுநர்களின் விபத்துகளைக் குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பாய்வு காட்டியுள்ளது. மாறாக, பள்ளிகளில் அளிக்கப்படும் ஓட்டுநர் பயிற்சி மட்டுமே விபத்தைக் குறைப்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

ஆதரவும் எதிர்ப்பும்

கடுமையான தேர்வை ஆதரிப்போர், ஒருவரின் தவறு பிறர் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் உரிமத்தை உரிமையாக அன்றித் தகுதியாகவே கருத வேண்டும் என்கின்றனர். எதிர்ப்போர் பிழைப்பைச் சுட்டுகின்றனர். ஆட்டோ, சரக்கு வண்டி, உணவு விநியோகம் என ஓட்டுவதை நம்பி வாழ்வோருக்குக் காத்திருப்பும் கட்டணமும் சுமையாகும். எல்லை மீறினால் பலர் உரிமமின்றியே ஓட்டத் தொடங்குவர் என்பது அவர்களின் அச்சம். கேரள அரசு 2024இல் ஓட்டுத் தேர்வைக் கடுமையாக்கவும், நாளொன்றுக்கு நடத்தும் தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் முயன்றபோது பயிற்சிப் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கின.

விபத்துக்கு ஓட்டுநரை மட்டும் காரணமாக்குவதையும் சிலர் ஏற்பதில்லை. காவல்துறைப் பதிவில் 'அதிவேகம்' எனக் குறிக்கப்படும் விபத்துக்குப் பின்னால் தவறான சாலை வடிவமைப்பு, வெளிச்சமின்மை, நடைபாதை இல்லாமை ஆகியனவும் இருக்கலாம்.

உரிமம் வழங்கிய பின்

தற்போதைய சட்டப்படி 30 வயதுக்கு உட்பட்டவர் பெறும் சொந்த வண்டி உரிமம் 40 வயது வரை செல்லும். காலத்தே புதுப்பிப்பவர் மீண்டும் ஓட்டிக் காட்டத் தேவையில்லை. உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மட்டுமே மறுதேர்வு உண்டு. எனவே பதினெட்டு வயதில் சில நிமிடங்கள் நடந்த சோதனைக்குப் பின் பலர் வாழ்நாளில் மறுமுறை சோதிக்கப்படுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்தில் வழிகள் உள்ளன. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் சு. இராசசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தது. அதிவேகம், சிவப்பு விளக்கை மீறல், குடித்துவிட்டு ஓட்டல், கைபேசி பேசியபடி ஓட்டல் முதலிய குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்குமாறு அக்குழு 2015இல் மாநிலங்களைப் பணித்தது. நிறுத்தப்பட்ட உரிமத்தைத் திரும்பப் பெறப் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என 2019 திருத்தம் கூறுகிறது. அபராதம் கட்டியதும் மறந்துபோகலாம். உரிமத்தை இழந்தவரோ அக்காலம் முழுவதும் வண்டியைத் தொட முடியாது. நேர்மையாக நடத்தப்படும் நுழைவுத் தேர்வும், உரிமம் பெற்ற பின்னரும் தொடரும் கண்காணிப்பும் சேர்ந்தே ஓட்டும் பழக்கத்தை மாற்றும் என்பது சாலைப் பாதுகாப்பு வல்லுநர்கள் பலரின் கருத்தாகும்.