முள்ளை மாத்துங்க சார்!

நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடு போகிற சத்தத்தைத் தாண்டிப் பாட்டுக் கேட்பது ஒரு கலை. எங்கள் வீட்டில் அது பரம்பரைக் கலை. கரும்புப் பணம் கைக்கு வந்ததும் அம்மாவுக்குப் புடவை உண்டோ இல்லையோ, கடலூர் போய் ஓர் எல்.பி. ரெக்கார்டு வாங்கி வந்துவிடுவார் அப்பா. இப்போது அப்பா இல்லை. தட்டுகள் இருக்கின்றன. மொத்தம் 63. நாயன்மார் கணக்கு!

கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. தட்டில் முதல் பாட்டு தேன். கடைசிப் பாட்டு வந்தால் பாடகிக்கு ஜலதோஷம்! 'ச' வருகிற இடமெல்லாம் 'உஷ்ஷ்ஷ்'.

"ஸ்பீக்கரை மாத்துங்க" என்றார் ஆபீஸ் நண்பர். "ஆம்ப்ளிஃபயர்தான் கோளாறு" என்றார் பக்கத்து சீட்காரர். "தட்டையே எடைக்குப் போட்டுடலாங்க" என்றாள் என் மனைவி.

ஒரு காலத்தில் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் மைக் செட் கட்டிய அண்ணனிடம் போனேன். முள்ளைக் கழற்றி, பேத்தியின் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, முனை தேஞ்சு உளியாயிடுச்சு. நீ பாட்டுக் கேக்கல, பாட்டைச் செதுக்கிக்கிட்டிருக்கே!"

பகீரென்றது.

விஷயம் இதுதான். 1958 முதல் கடைக்கு வந்த ஸ்டீரியோ தட்டுகளில் வரிப்பள்ளத்தின் உள்சுவரில் இடது ஸ்பீக்கருக்கான ஒலி, வெளிச்சுவரில் வலது. அந்தச் சுவர்களின் நெளிவைத் தடவித்தான் வைர முள் பாட்டை எடுக்கிறது. எல்.பி. ஒருமுறை சுற்ற 1.8 செகண்டு. ஓரத்தில் அந்த ஒரு சுற்று சுமார் 90 சென்டிமீட்டர். கடைசிப் பாட்டில் 40தான். அதே அளவு ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில், காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி! உருண்டை முனை அந்த நெரிசலில் சரியாக நுழையாது. நீள்வட்ட முனை, அதாவது எலிப்டிகல், நுழையும். தேய்ந்த முனையோ சுவரையே சீவிவிடும். ஒரு முள்ளின் ஆயுள் சுமார் 500லிருந்து 1,000 மணி நேரம். நான் கணக்கே வைத்ததில்லை.

சரி, எதை வாங்குவது? 'மூவிங் காயில்' கார்ட்ரிட்ஜ் மீது எனக்கு ஒரு கண். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ரகத்தில் லட்ச ரூபாயைத் தாண்டியதும் உண்டு. பெரும்பாலும் அரை மில்லிவோல்ட் அளவுக்குத்தான் சிக்னல் வரும், அதற்கேற்ற ப்ரீ-ஆம்ப் தனியாக வேண்டும். முள்ளை மட்டும் நாமே மாற்றவும் முடியாது. 'மூவிங் மேக்னட்' நம்ம ஜாதகத்துக்குப் பொருந்தும். நாலைந்து மில்லிவோல்ட் வரும், முள்ளை மட்டும் கழற்றி மாட்டலாம்.

டென்மார்க்கின் ஆர்டோஃபான் 2எம் ரெட், ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ. இரண்டுமே எலிப்டிகல். இரண்டாவதை எடுத்தேன். பிறகு வசதி வந்தால் அதே உடம்பில் உசத்தி முள் போடலாம். தாத்தா விட்டுப்போன 78 அரக்குத் தட்டுகளுக்கான தடி முள்ளும் போடலாம்.

மாட்டுவதுதான் பாடு. நாலு ஒயர். வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. முள் தட்டில் அழுத்தும் எடை 2 கிராம்.

"இன்னும் கம்மியா வெச்சா தட்டுக்கு நல்லதுதானேண்ணே?"

"அதான் தப்பு. முள்ளு துள்ளும். துள்ளினா சுவத்தை அடிக்கும்."

ராத்திரி கேட்டோம். ஜலதோஷம் போயே போச்சு! ஒரே ஒரு பாட்டில் மட்டும் 'உஷ்ஷ்' அப்படியே இருந்தது. புது முள் தேய்ந்த சுவரை வளர்க்காதே!

"அதைத்தானேடா உங்கப்பா தெனம் ரெண்டு தரம் போடுவாரு, எனக்குப் பிடிக்கும்னு" என்றாள் அம்மா.

அதில் அப்பாவின் ஆசை தேய்த்தது எவ்வளவு, என் சோம்பேறித்தனம் தேய்த்தது எவ்வளவு? தெரியவில்லை.

எழுந்து போய், காலண்டரில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்திலேயே முள் மாற்றிய தேதியையும் எழுதி வைத்தேன்.