ஒரு வகுப்பு, பல படிகள்

குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஒரே பாயில் பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். ஒருத்தி அலிஃபில் நிற்பாள். அடுத்தவள் எழுத்துக் கூட்டுவாள். இன்னொருத்தி அம்ம ஜுஸ்உவை முடித்திருப்பாள். ஓதிக்கொடுப்பவர் எல்லோருக்கும் ஒரே பாடத்தைக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவராக அழைத்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அடுத்த பாடத்தைக் கொடுக்கிறார்.

அதே மத்ரஸா இன்னொன்றையும் காட்டுகிறது. தஜ்வீத் பிழையின்றி ஓதும் சிறுமியிடம் அவ்வசனத்தின் பொருளைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அரபு அவளது பேச்சுமொழி அல்ல. ஓதுதல் நன்மையானது, பொருளறிதல் தனியே கற்கவேண்டியது. இந்த வேறுபாட்டை நாம் ஓதலில் எளிதில் காண்கிறோம். தமிழ்ப் பாடத்தில் காணத் தவறிவிடுகிறோம். உரத்து, தடங்கலின்றி வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறன். அதைக் கிரகிப்பது வேறொரு திறன். இரண்டும் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒன்றாக வளர்வதில்லை.

இது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்குத் தர்மபுரத்தை நினைத்துப் பார்க்கலாம். கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள ஊர் அது. 2009 ஜனவரியில் போர் கிளிநொச்சி நகரைக் கடந்து கிழக்கே நகர்ந்தபோது அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவ்வாண்டு மே மாதம் போர் முடிந்த வேளையில், வன்னிப் பிள்ளைகள் பெருந்தொகையாகச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தார்கள். மீள்குடியேறி மறுபடி வகுப்பில் அமர்ந்தபோது அவர்களின் வயது ஒன்றாக இருக்கலாம்; வாசிப்பு ஒரே நிலையில் இருந்திருக்க வழியில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த நம் சமூகத்தின் பிள்ளைகளுக்கும் படிப்பு இப்படித்தான் நடுவில் அறுந்தது.

2009 இல் முதலாம் தரத்தில் இருந்தவர்கள் இன்று இருபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் பெற்றோரானவர்களும் இருப்பார்கள். தனக்கே வாசிப்பு தடுமாறும் தாய், தன் பிள்ளைக்குக் கதை வாசித்துக்காட்டத் தயங்குவாள். அறுந்த இடத்தில் முடிச்சுப் போடாவிட்டால் இழப்பு அடுத்த தலைமுறைக்கும் போகும்.

முதல் வேலை, பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிவது. இந்தியாவில் பிரதம் நிறுவனம் 2005 இல் தொடங்கிய ‘அசர்’ கணிப்பில் இதற்கு எளிய வழி உண்டு. பிள்ளையைத் தனியே அமர்த்தி எழுத்து, சொல், சிறு பந்தி, கதை என்ற நிலைகளில் வாசிக்கக் கொடுப்பார்கள். சில நிமிடங்களில் நிலை தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் கொரோனாக் காலத்து இடைவெளியை நிரப்ப 2022 இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே கற்பிக்கப்பட்டார்கள்.

நிலை அறிந்த பின், ஒவ்வொருவருக்கும் தனிப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே பந்தியை எல்லோருக்கும் பயன்படுத்தலாம். இந்தப் பந்தியைப் பாருங்கள்:

“இரவு முழுவதும் மழை பெய்தது. காலையில் குளத்தைப் பார்த்து வந்த அப்பா மண்வெட்டியைத் தேடினார். அம்மா விதைநெல் மூடையை அவிழ்த்தார். ‘இந்த முறையாவது கடன் தீரும்’ என்றார் அப்பா.”

‘அப்பா எதைத் தேடினார்?’ என்பது முதற்படி. விடை பந்தியிலேயே இருக்கிறது. ‘அம்மா ஏன் விதைநெல்லை எடுத்தார்?’ என்பது இரண்டாம் படி. மழை, குளம், விதைநெல் மூன்றையும் பிள்ளை இணைக்க வேண்டும். ‘சென்ற முறை விளைச்சல் எப்படி இருந்திருக்கும்? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?’ என்பது மூன்றாம் படி. ‘இந்த முறையாவது’ என்ற சொல்லில் விரலை வைக்கும் பிள்ளை, எழுதாத வரியையும் வாசித்துவிட்டது.

எழுத்துக் கூட்டவே சிரமப்படும் பிள்ளையை என்ன செய்வது? பந்தியை நாம் வாசித்துக்காட்டி, அதே கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கலாம். காலபோக விதைப்பை வீட்டில் கண்டு வளர்ந்த தர்மபுரத்துப் பிள்ளை மூன்றாம் கேள்விக்கு எல்லோருக்கும் முந்தி விடை சொல்லக்கூடும். அப்பிள்ளைக்குக் குறைவது எழுத்துப் பயிற்சி; விளக்கம் அல்ல. மறுபுறம், சரளமாக வாசிக்கும் நகரத்துப் பிள்ளை அங்கே திகைக்கலாம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1988 இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களுக்குப் பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய பந்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவ்விளையாட்டை நன்கறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், அதை அறியாத திறமையான வாசகர்களைவிட நன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். ஆகவே புதிய பந்தியைத் தொடங்குமுன், அதிலுள்ள அறியாப் பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவது வீண்பேச்சன்று. அதுவும் பாடமே.

ஓர் எச்சரிக்கை. நிலை பிரிப்பது பிள்ளைக்குப் பட்டம் சூட்ட அல்ல. ‘மெல்லக் கற்பவள்’ என்று ஒருத்தியைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டால் அவள் அங்கேயே இருந்துவிடுவாள். சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் வாசிக்கக் கேட்டு, முன்னேறியவளை அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும். மத்ரஸாவில் பாடம் முடித்தவளுக்கு மறுநாளே அடுத்த பாடம் கிடைப்பதைப் போல.

நம்மில் பலர் நாளை ஆசிரியைகளாவோம். அதற்கு முன்பே வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார். இந்த விடுமுறையில் நான்கு வரிகளை வாசிக்கக் கொடுத்து, ‘சரியாக வாசித்தாயா?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘உனக்கு என்ன விளங்கியது?’ என்றும் கேட்டுப் பாருங்கள்.