மேசைக் கணிப்பொறியின் இடத்தில் மடிக்கணினி?

சென்ற மாசி மாதம் ஒரு மாலை நேரம். திண்டுக்கல்லில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். முன்பு பள்ளியில் என்னிடம் இயற்பியல் படித்தவர். திருமண வீடியோக்களை எடுத்து, வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில்.

"சார், பழைய சிஸ்டம் நடு வேலையில நின்னு நின்னு போகுது. வைகாசி முகூர்த்தத்துக்குள்ள வேற வாங்கியாகணும். சீட்டு எடுத்த பணம் இருக்கு. பெரிய லேப்டாப்பா ஒண்ணு வாங்கிட்டா ஸ்டூடியோவுக்கும் ஆச்சு, மண்டபத்துக்கும் கொண்டு போகலாம். பாப்பா காந்திகிராமத்துல படிக்கப் போறா, அவளுக்கும் ஆச்சு. ஒரே செலவு. சரியா வருமா?"

ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாத கேள்வி இது. சீட்டுப் பணம் ஒரு முறைதான் வரும். தவறினால் ஒரு முகூர்த்த காலத்து வருமானம் போகும். பெண்ணின் படிப்பும் தடைப்படும். ஆகவே பொருளை உள்ளிருந்து ஆராய்வோம் என்று காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

தூக்கிச் செல்லும் கணிப்பொறி புதிய எண்ணமன்று. 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடை. அதன் திரை 5 அங்குலமே. உள்ளே மின்கலம் கிடையாது. அடுத்த ஆண்டே வந்த கிரிட் காம்பஸ், திரையைப் பலகையின் மேல் புத்தகம்போல் மடித்து மூடும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைய மடிக்கணினிகள் எல்லாம் அந்த மடிப்பின் வழி வந்தவையே. படம், ஒலி, அசையும் காட்சி மூன்றையும் ஒரே பொறி கையாளும் 'பல்லூடக' காலம் 1990களில் பிறந்தது. அதன் பின்னர்தான் "மேசைக் கணிப்பொறிக்கு மாற்று" என்ற பெயரில் பெருத்த மடிக்கணினிகள் விற்கத் தொடங்கின. சில தயாரிப்பாளர்கள் மேசைக் கணிப்பொறியின் செயலியையே எடுத்து மடிக்கணினிக்குள் வைத்தார்கள். மூன்று, நான்கு கிலோ எடை, அனல் வீசும் அடிப்பாகம், விரைவில் தீர்ந்துவிடும் மின்கலம். மடியில் வைத்தவர் உடனே மேசைக்குத் திரும்பினார் எனலாம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

கடைக்காரர் காட்டும் அட்டையில் செயலியின் பெயரும் வரைகலை அட்டையின் பெயரும் பெரிதாக இருக்கும். மேசைக் கணிப்பொறியிலும் அதே பெயர், மடிக்கணினியிலும் அதே பெயர். ஆகவே இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம்.

ஓர் உதாரணம் பாருங்கள். என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற வரைகலை அட்டை 2022இல் மேசைக் கணிப்பொறிக்கு வந்தது. அதில் கணக்கிடும் கருக்கள் 16,384. தனி நினைவகம் 24 ஜிகாபைட். அது உண்ணும் மின்திறன் 450 வாட் வரை. 2023இல் அதே எண்ணைத் தாங்கி மடிக்கணினிக்கும் ஒன்று வந்தது. அதில் கருக்கள் 9,728. நினைவகம் 16 ஜிகாபைட். அடிப்படை மின்திறன் 150 வாட் வரை. எண் 4090 என்பது மட்டும் மாறவில்லை! இதில் ஏமாற்று ஏதுமில்லை என்று நிறுவனம் சொல்லலாம். பெட்டியின் மேல் 'லேப்டாப்' என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வாங்குபவர் கண்ணில் படுவது எண்தான்.

இன்னும் ஒரு சிக்கல். ஒரே மடிக்கணினி அட்டையை ஒரு தயாரிப்பாளர் 80 வாட்டில் ஓட்டுவார். இன்னொருவர் 150 வாட்டில் ஓட்டுவார். பெயர் இரண்டுக்கும் ஒன்றே. ஆதலால் கடையில் கேட்கவேண்டிய கேள்வி "என்ன அட்டை?" என்பதோடு முடிவதில்லை. "எத்தனை வாட்?" என்றும் கேட்கவேண்டும்.

ஏன் இந்தக் குறைப்பு? வெப்பம்தான் காரணம். செயலியினுள் உள்ள கோடிக்கணக்கான நுண்ணிய மின்சாவிகள் ஒவ்வொரு துடிப்பிலும் திறந்து மூடுகின்றன. இதில் செலவாகும் திறன், துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும். வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சற்றுக் கூட்டியாகவேண்டும். வேகத்தை 20 விழுக்காடும் அழுத்தத்தை 10 விழுக்காடும் உயர்த்துவதாகக் கொள்வோம். 1.2 ஐ 1.1 இன் வர்க்கமான 1.21 ஆல் பெருக்கினால் 1.45 வருகிறது. அதாவது 20 விழுக்காடு வேகத்துக்காக 45 விழுக்காடு அதிக வெப்பம். மேசைப் பெட்டிக்குள் காற்றோட்டத்துக்கு இடமிருக்கிறது. கைப்பிடி அளவு உலோகத் தகடுகளும் பெரிய விசிறிகளும் வைக்கலாம். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மடிக்கணினியில் அவற்றுக்கு ஏது இடம்?

சித்திரை வெயில் என்ன செய்யும்?

மடிக்கணினியின் வெப்பத்தை வெளியேற்றும் உறுப்பு வெகு அழகான ஒன்று. தட்டையாக்கிய செம்புக் குழாய். உள்ளிருந்த காற்றை நீக்கி, மிகச் சிறிதளவு நீரை விட்டு மூடியிருப்பார்கள். நம் மாவட்டத்திலேயே, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாவதைச் சமைத்தவர்கள் அறிவார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். குழாயினுள் அழுத்தம் மிகமிகக் குறைவு. ஆகவே செயலி சற்றுச் சூடானதும் நீர் ஆவியாகி, வெப்பத்தைச் சுமந்துகொண்டு மறுமுனைக்கு ஓடுகிறது. அங்கே மெல்லிய தகடுகளின் மேல் விசிறி காற்றை ஊதுகிறது. ஆவி குளிர்ந்து நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பி வருகிறது. மோட்டார் இல்லை, தேய்மானம் இல்லை.

ஆனால் வெப்பம் கடைசியில் அறைக் காற்றுக்குத்தான் போயாகவேண்டும். அறை சூடாக இருந்தால்? செயலி ஏறக்குறைய 100 டிகிரி வரை பொறுக்கும் என்று கொள்வோம். குளிரூட்டிய அறை 25 டிகிரி என்றால் இடைவெளி 75. சித்திரையில் ஓட்டுக் கூரையின் கீழ் அறை 40 டிகிரி என்றால் இடைவெளி 60. வெளியேறும் வெப்பம் இந்த இடைவெளியின் விகிதத்தில் அமைவதால், அதே குழாயும் அதே விசிறியும் 80 விழுக்காடு வாட்டைத்தான் வெளியேற்றும். அப்போது செயலி என்ன செய்யும்? எரிந்து போகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு வியப்பு. வாட் 20 விழுக்காடு குறைந்தால் வேகமும் 20 விழுக்காடு குறையும் என்று நண்பர் அஞ்சினார். மேலே கண்ட கணக்கைத் தலைகீழாகப் போட்டால், வேகத்தைச் சிறிது குறைத்தாலே வாட் வெகுவாக இறங்கிவிடும். வேகமும் அழுத்தமும் ஒன்றாகவே இறங்குவதாகக் கொண்டால் 7 விழுக்காட்டு வேகக் குறைவு போதும். ஒரு மணி நேர வேலைக்கு நாலைந்து நிமிடம் கூடும், அவ்வளவே. ஆக, வெயில் மட்டும் அவ்வளவு பெரிய எதிரி அன்று.

பெரிய எதிரி தூசி. திண்டுக்கல்லையும் வேடசந்தூரையும் சுற்றி நூற்பாலைகள் மிகுதி. பஞ்சு இழை கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும். தகடுகளின் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர் அளவு. இழைகள் அங்கே படிந்து படிந்து கம்பளிபோல் அடைத்துக்கொள்கின்றன. காற்று போகாவிட்டால் குழாய் எத்தனை அழகாக இருந்தென்ன? மேசைக் கணிப்பொறியின் பக்கத் தகட்டைத் திறந்து ஊதித் துடைக்க ஐந்து நிமிடம் போதும். மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றச் சிறு திருகுகளும் பொறுமையும் வேண்டும். மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்து வேலை செய்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகளும் அடைபடும்.

மின்சாரம் போனால்

2012இல் சென்னைக்கு வெளியே பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டில் வீடியோவைக் கோர்த்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுபோய், செய்த வேலை அத்தனையும் பாழான கதையை நண்பர் இன்றும் சொல்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு, 2011 செப்டம்பரில், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் இல்லாத இரவுகளில் அவற்றின் திரை வெளிச்சத்திலேயே படித்த பிள்ளைகள் உண்டு. மின்கலம் உள்ளேயே இருப்பது மடிக்கணினியின் தனிச் சிறப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும் கணக்குப் போடுவோம். பெரிய மடிக்கணினியின் மின்கலம் 90 வாட்-மணி என்க. விமானத்தில் தடையின்றி எடுத்துச் செல்ல 100 வாட்-மணிதான் எல்லை என்பதால் தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் போவதில்லை. முழு வேகத்தில் பொறி 180 வாட் கேட்டால், 90 வாட்-மணி அரை மணி நேரத்தில் தீரும். உண்மையில் அந்த வேகத்தில் மின்சாரத்தை அள்ளிக்கொடுக்க மின்கலத்தால் இயலாது. ஆகவே கம்பியைப் பிடுங்கியதும் பொறி தன் வேகத்தை வெகுவாகத் தாழ்த்திக்கொள்ளும். கட்டுரை எழுத, பாடம் பார்க்க நான்கைந்து மணி நேரம் வரலாம். திருமண வீடியோவைக் கோர்க்கச் சுவரிலுள்ள மின்சாரமே கதி. மின்வெட்டில் செய்த வேலையைக் காப்பாற்ற மட்டும் என்றால், மேசைக் கணிப்பொறிக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கி வைத்தாலும் அது சில நிமிட அவகாசம் தரும்.

லித்தியம் அயனி மின்கலத்துக்கு இரண்டு பகைகள்: சூடு, எப்போதும் நூறு விழுக்காடு நிரம்பியிருத்தல். மேசையிலேயே கம்பியோடு கிடக்கும் பெரிய மடிக்கணினிக்கு இரண்டும் சேர்ந்தே வாய்க்கின்றன. 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி பலவற்றில் உண்டு. அதைப் போட்டு வைப்பது நல்லது. மின்கலம் உப்பி அடிமூடி தூக்கிக்கொண்டால் அன்றே கழற்றி மாற்றிவிடவேண்டும்.

கண்ணும் கழுத்தும்

15.6 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 670 சதுர சென்டிமீட்டர். 24 அங்குலத் திரைக்கு 1,590. இரண்டு மடங்குக்கும் மேல். மேலும், மடிக்கணினியில் திரையும் தட்டச்சுப் பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனியும். கழுத்து நிமிர்ந்தால் கை தூக்கிக்கொள்ளும். நாளெல்லாம் உழைப்பவர் தனித் திரையும் தனிப் பலகையும் வாங்கியே ஆகவேண்டும். அப்போது மேசை மறுபடியும் வந்துவிட்டதே!

நிறமும் முக்கியம். விலை குறைந்த திரைகள் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது நிற வரம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே காட்டும். சின்னாளபட்டிச் சேலையின் அரக்குச் சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்து நண்பர் சிவப்பைக் கூட்டிவிட்டால், பெண் வீட்டார் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போது மணமகள் முகமும் சிவந்திருக்கும். வேகத்துக்குப் பணம் போட்டுத் திரையில் மிச்சம் பிடிக்கும் மடிக்கணினிகள் உண்டு; கடையில் திரையின் நிற அளவைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

விலையுயர்ந்த மடிக்கணினிகளில் பலவற்றின் விளிம்பில் பூட்டுச் சங்கிலி மாட்ட ஒரு சிறு துளை இருக்கும். நம் ஊர்ப் பூட்டு அதில் நுழையாது என்பது வருத்தமே.

இத்தனையும் பேசிக்கொண்டிருக்கையில் நண்பரின் மகளும் வந்து அமர்ந்திருந்தாள். எங்கள் கணக்கில் விட்டுப்போனதை அவள்தான் எடுத்துக் கேட்டாள்: "அப்பா, லேப்டாப் மண்டபத்துக்குப் போச்சுன்னா நான் எதுல ரெக்கார்டு எழுதுறது?" ஒரே பொறி இரண்டு இடத்தில் இருக்கமுடியாது. முகூர்த்த நாட்களும் தேர்வு நாட்களும் சித்திரை, வைகாசியில்தான் நெருங்கி வருகின்றன.

வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறுபவர், ஒற்றை அறையில் தங்கியிருப்பவர், இடத்துக்கு இடம் போய்ப் படத்தொகுப்பு செய்தாகவேண்டியவர் போன்றோருக்குப் பெரிய மடிக்கணினி தக்கதே. அவர்கள் கூடுதல் விலையை நடமாட்டத்துக்காகக் கொடுக்கிறார்கள். நண்பரோ ஆண்டில் முந்நூறு நாள் ஒரே நாற்காலியில் உட்காருபவர்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பழைய பெட்டியைத் திறந்தோம். உள்ளே பஞ்சு ஒரு பிடி. மின்வழங்கியில் இரண்டு மின்தேக்கிகள் தலை உப்பியிருந்தன. நடுவில் நின்று போனதற்கு அதுதான் காரணம். மின்வழங்கியை மாற்றி, நினைவகத்தைக் கூட்டி, சுழலும் தட்டுக்குப் பதில் திண்மநிலைத் தட்டும் ஒரு யு.பி.எஸ்.ஸும் வாங்கினார். மடிக்கணினியின் தாய்ப்பலகையில் பல உறுப்புகள் பற்றவைக்கப்பட்டே வருவதால் இப்படி ஒவ்வொன்றாக மாற்றுவது எளிதன்று. மீதிப் பணத்தில் மகளுக்கு ஒன்றரைக் கிலோ எடையுள்ள சாதாரண மடிக்கணினி ஒன்று வந்தது. முகூர்த்த நாட்களில் காமிரா அட்டைகளிலிருந்து படங்களைப் பத்திரமாகப் படியெடுத்துக்கொள்ள நண்பர் அதை இரவல் கேட்கிறார். தேர்வு இல்லாத நாளானால் கொடுக்கிறாள்.