வருடும் கரமும் வாயில்லா ஜீவனும்

மனிதனை அண்டி வாழும் பிராணிகளுள் பூனைக்குத் தனியோர் இயல்பு உண்டு. மாடு ஏருக்கும் வண்டிக்கும் கட்டுப்படுகிறது; ஆடு மந்தையோடு நடக்கிறது. பூனையோ கயிறும் கட்டும் இன்றித் தானாகவே நம் இல்லம் தேடி வருகிறது, தானாகவே செல்கிறது. அவ்விதம் தன் விருப்பத்தால் வந்து நம் காலடியில் படுக்கும் ஜீவனை எவ்வாறு தொடுவது, எங்கே வருடுவது, எப்போது கையை எடுத்துக்கொள்வது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பின்னலாடை நகரமாம் திருப்பூரைப் பாருங்கள். துணிக்கட்டுகளை எலி கடித்துவிடாமல் காக்கும் என்பதற்காகப் பனியன் கம்பெனிகளில் பூனையை விரட்டாமல் விட்டுவைப்பது உண்டு. கட்டிங் மேஜையின் அடியில் குவியும் வெட்டுத் துணியே அதற்கு மெத்தை. லைன் வீடுகளிலோ, தாயும் தந்தையும் ஷிப்ட் மாறி மாறி உழைக்கப் போய்விட, பிள்ளைகளுக்குப் பொழுதெல்லாம் துணையாவது அதுவே. அந்தப் பிள்ளைகள் அன்பின் மிகுதியால் அதன் வாலைப் பிடித்து இழுப்பதும், உறங்குவதை எழுப்பி மடியில் அமுக்குவதும் நாம் காணாத காட்சிகளல்ல. பூனை பிறாண்டிவிட்டால் அடி விழுவது பூனைக்கு. ‘பொல்லாத பூனை’ என்ற பழி வேறு! உண்மையில் அது பொல்லாதது அன்று. ‘வேண்டாம், வேண்டாம்’ என்று தன் மொழியில் பலமுறை சொல்லியும் நாம் கேளாததால், இறுதியில் நகத்தால் சொல்லிற்று. அவ்வளவே.

சிறு பூனையின் தந்தை

பூனையைப் பெயரிலேயே தாங்கிய பெருமகனார் நம் வரலாற்றில் உண்டு. நபித்தோழர்களுள் மிக அதிகமான நபிமொழிகளை அறிவித்தவரான ஹஸ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களே அவர். ‘அபூஹுரைரா’ என்பதற்குச் ‘சிறு பூனையின் தந்தை’ என்று பொருள். அந்தப் பெயர் வந்த காரணத்தை அவர்களே கூறியதாகத் திர்மிதி நூலில் பதிவாகியுள்ளது. இளமையில் தம் குடும்பத்து ஆடுகளை மேய்த்து வந்த அவர்களிடம் சிறு பூனை ஒன்று இருந்தது. இரவில் அதனை ஒரு மரத்தின் மீது வைப்பார்கள். பகலில் உடன் எடுத்துச் சென்று அதனோடு விளையாடுவார்கள். அதைக் கண்டவர்கள் இட்ட பெயரே இறுதிவரை நிலைத்தது.

வீட்டில் ஒரு பூனையைக் கட்டி வைத்து, அதற்கு உணவும் அளிக்காமல், தானாக இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி அதன் பொருட்டே நரகத்துக்குரியவள் ஆனாள் என்ற எச்சரிக்கையை நமக்கு அறிவித்தவர்களில் இந்த அபூஹுரைரா (ரலி) அவர்களும் ஒருவர். இதனைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். அப்பெண் பூனையை அடித்தாள் என்று அங்கே சொல்லப்படவில்லை. அதன் பசியையும் அதன் விடுதலையையும் மதிக்காததே அவள் குற்றம். ஆகவே பூனையின் மீது காட்டும் பரிவின் முதற்படி, அது விரும்பியபடி வரவும் போகவும் விடுவதே.

இன்னும் இரு நிகழ்ச்சிகளை அபூதாவூது நூல் தருகிறது. ஹஸ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய அவர்களுடைய மருமகள் கப்ஷா அம்மையார் நீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பூனை ஒன்று குடிக்க வந்தது. அது வசதியாகக் குடிக்கும்படி அவர்கள் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றி வலம் வருபவற்றுள் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள். மற்றொரு முறை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருக்கையில், அவர்களுக்கு வந்த உணவில் பூனை வாய் வைத்துவிட்டது. தொழுகை முடிந்ததும் அன்னையவர்கள், பூனை உண்ட இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள்.

அந்தப் பண்பு பின்னாளிலும் தொடர்ந்தது. எகிப்தை 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோ நகரத்துப் பூனைகளின் பராமரிப்புக்கென ஒரு தோட்டத்தையே எழுதி வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேய அறிஞர், காழியின் மாளிகை முற்றத்தில் நாள்தோறும் பூனைகளுக்கு உணவிடும் வழக்கம் இருந்ததைத் தம் நூலில் குறித்துள்ளார்.

மேலாடையில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி, நபிகளார் (ஸல்) ஆடையின் கைப்பகுதியை வெட்டிவிட்டு எழுந்தார்கள் என்றொரு கதையும் மக்களிடையே வழங்குகிறது. நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை. எனவே பிள்ளைகளுக்கு அதனை நபிமொழியாகச் சொல்லித்தர வேண்டாம். ஆதாரமுள்ள செய்திகளே நமக்குப் போதுமானவை.

கை வைக்க வேண்டிய இடம்

தொடுதலைப் பற்றி மட்டும் ஓர் அரிய பாடம் உண்டு. மதீனாவின் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தினுள் நபிகளார் (ஸல்) நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் சொரிந்தது. பெருமானார் அதனருகே சென்று, காதுகளின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். ஒட்டகம் அமைதி அடைந்தது. பின்னர் உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதைக் கண்டித்தார்கள். முதலில் ஆறுதல், பிறகே விசாரணை! அந்த ஆறுதலும் கை போன இடத்திலெல்லாம் தடவியது அன்று. காதின் பின்புறத்தை வருடியது.

பூனைக்கும் அவ்விடம் மிக உகந்தது. கன்னங்கள், தாடையின் கீழ்ப்புறம், நெற்றி ஆகிய இடங்களில் பூனைக்கு வாசனை சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அது உங்கள் காலில் முகத்தை உரசுவது, தன் வாசனையைப் பூசி ‘நீ என்னைச் சேர்ந்தவன்’ என்று குறி வைப்பதாகும். அதே இடங்களை நம் விரல் மெல்லச் சொறியும்போது அது மகிழ்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்விலும், வாலின் அடிப்புறத்தைத் தொடும்போதே பூனைகள் அதிகமாக வெறுப்பைக் காட்டின என்று கண்டறியப்பட்டது.

இனி, செய்ய வேண்டிய முறையைக் கேளுங்கள்.

முதலாவது, அனுமதி பெறுங்கள். நின்றபடி குனிந்து அதன்மேல் நிழலாகக் கவியாதீர்கள். தரையில் அமர்ந்து, ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்தில் சற்றுத் தொலைவிலேயே நீட்டுங்கள். அது வந்து முகர்ந்து கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். உற்றுப் பார்ப்பதும் கூடாது. கண்களை மெல்ல மூடித் திறவுங்கள். அவ்வாறு செய்பவர்களை நோக்கிப் பூனையும் கண்களை மெல்ல மூடித் திறக்கிறது என்றும், அறிமுகமற்றவராயினும் அவரை அணுக முன்வருகிறது என்றும் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இரண்டாவது, இடமறிந்து வருடுங்கள். கன்னம், தாடை, காதுகளின் அடி ஆகிய இவற்றோடு தொடங்குங்கள். பழகிய பூனையாயின் முதுகை முடி படிந்த திசையில் மென்மையாக வருடலாம், எதிர்த்திசையில் கூடாது. வயிறு, பாதம், வால் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அது மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளமே தவிர, தொடுவதற்கான அழைப்பு அன்று.

மூன்றாவது, இடையிடையே நிறுத்துங்கள். நாலைந்து விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். தலையால் கையை முட்டினால் இன்னும் வேண்டும் என்று பொருள். சும்மா இருந்தால் போதும் என்று பொருள். வால் நிமிர்ந்திருப்பதும், முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் பிசைவதும் இன்பத்தின் அறிகுறிகள். வாலை வேகமாக அடித்தல், காதுகள் பக்கவாட்டில் சாய்தல், முதுகுத் தோல் துடித்தல், கையை நோக்கிச் சட்டென்று தலையைத் திருப்புதல் ஆகியவை ‘நிறுத்து’ என்னும் கட்டளைகள். உறுமலைப் போன்ற அந்த மெல்லிய ‘குர்குர்’ ஒலியை மட்டும் நம்பிவிடாதீர்கள். வலியால் வருந்தும் பூனையும் அவ்வாறு ஒலிப்பது உண்டு.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய வழிமுறைகளை மக்களுக்குச் சுருக்கமாகக் கற்றுத் தந்தபின் பூனைகளோடு பழகவிட்டுப் பார்த்தனர். பூனைகளின் சீற்றம் குறைந்தது, நேசம் மிகுந்தது. பூனை மாறவில்லை, மாறியது மனிதரின் கை!

பிள்ளைகளுக்கு இதனை ஏட்டில் சொன்னால் புரியாது. தாய்மார்களே, குழந்தையின் கையை உங்கள் கைக்குள் வைத்து, இரண்டு விரல்களால் மட்டும் கன்னத்தை வருடப் பழக்குங்கள். உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளுக்குப் பாலூட்டும்போதும் பூனையைத் தொடுவதில்லை என்பதைச் சட்டமாக்குங்கள். தூக்க நேர்ந்தால் ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்புறத்தின் கீழும் தாங்கட்டும். குட்டிகள் பிறந்த இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மனிதரின் இதமான தொடுதலுக்குப் பழகும் பருவம்; அப்போது அனுபவித்த அன்போ கொடுமையோ ஆயுளுக்கும் மறவாது.

தொழிலகக் குடும்பங்களுக்கு

பிசிறு வெட்டும் வேலை நடக்கும் வீடுகள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். நூலும் எலாஸ்டிக் துண்டும் பூனைக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். ஆனால் அவை எமன். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் சிக்கிய நூலை அதனால் எளிதில் துப்ப இயலாது, விழுங்கிவிடும். குடலுக்குள் சென்ற நூல், பாவாடை நாடாவை இழுத்தாற்போல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வேலை முடிந்ததும் நூலைப் பெருக்கி மூடி வைப்பது உங்கள் பொறுப்பு. அவ்வாறே மெஷின் எண்ணெயும் கறை நீக்கும் திரவமும் படிந்த கையோடு பூனையைத் தடவாதீர்கள். உடலை நக்கியே துப்புரவு செய்துகொள்ளும் பிராணியாதலால், உங்கள் கையில் உள்ளது அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரும். தொழுகைக்குக் கை கழுவும் நமக்கு, பூனைக்காக ஒருமுறை கழுவுவது பாரமா?

பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும் என்பதை மறவாதீர்கள். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாமல், அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வருடலை விரும்பி வந்த பூனை திடீரென்று தொட விடவில்லையாயின் சினங்கொள்ளாதீர்கள். அதற்கு எங்கோ வலிக்கிறது என்று அறியுங்கள்.

அன்பு வாசகர்களே! பூமியில் நடமாடும் உயிரினங்களும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் ஆறாவது அத்தியாயத்தின் 38-ஆவது வசனம் உணர்த்துகிறது. ஒரு சமுதாயத்தோடு பழகுவதாயின் அதன் மொழியைக் கற்க வேண்டாமா? நமக்கு இன்பமாயிருப்பதை அதன்மேல் திணிப்பது ஆசை. அதற்கு இன்பமாயிருப்பதை அறிந்து அளிப்பதே கருணை. இன்று உங்கள் வாசலுக்கு வரும் பூனையை நோக்கி ஒரு விரலை நீட்டிக் காத்திருங்கள். வந்தால் வருடுங்கள், வராவிடின் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்துவிட்டு நகருங்கள். இரண்டிலும் நன்மை உண்டு.