கதவைத் தூக்குவது யார்?

காலை வேளையில் கடைத்தெருப் பக்கம் போயிருப்பீர்கள். கடைக்காரர் வந்து பூட்டைத் திறக்கிறார். குனிந்து, இரும்பு ஷட்டரின் கைப்பிடியைப் பற்றி ஒரு தூக்குத் தூக்குகிறார். தடதடவென்று அது மேலே ஓடிச் சுருண்டு கொள்கிறது. மனிதர் ஒல்லியானவர்தான், பீமசேனர் இல்லை. பின்னே, அவ்வளவு கனத்தை எப்படித் தூக்கினார்? ஷட்டர் சுருளும் இடத்தில், முறுக்கேறிய ஸ்பிரிங்குகள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. பாரத்தில் பெரும் பங்கைத் தாங்குபவை அவைதாம்.

இந்த உபகாரியின் பெரிய அண்ணனை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு காணலாம். கார் ஷெட்டை அங்கே 'கராஜ்' என்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ அந்த நாட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு அதன் கதவு நன்றாகத் தெரிந்திருக்கும். காரில் இருந்தபடியே பொத்தானை அமுக்கினால் போதும். சுவர் போல் நின்ற கதவு பலகை பலகையாக மடங்கி மேலே ஏறி, கூரையடியில் சாதுவாகப் படுத்துக்கொள்ளும். ஸி. ஜி. ஜான்ஸன் என்ற அமெரிக்கர் 1921-ல் இப்படி மேலே ஏறும் கதவை உருவாக்கினார். 1926-ல் அதை மின்சாரத்தால் இயக்கும் கருவியும் வந்தது.

"மோட்டார்தானே கதவைத் தூக்குகிறது?" என்று கேட்பீர்கள். இல்லை! இரண்டு கார் நிற்கும் ஷெட்டின் கதவு 70 கிலோ, 100 கிலோ என்று கனக்கும். மோட்டார் அதைச் சற்றே தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். உண்மையில் தூக்குவது ஸ்பிரிங்.

துலாவின் தத்துவம்

கிணற்றுத் துலாவின் வால் பக்கம் கல்லைக் கட்டுவார்கள் அல்லவா? தண்ணீர் நிறைந்த வாளி அப்போது லேசாக மேலே வரும். கராஜில் அந்தக் கல்லின் வேலையை ஸ்பிரிங் செய்கிறது. கதவு கீழே இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறி, அந்தச் சக்தியைச் சேமித்து வைக்கிறது. கதவு மேலே ஏறும்போது முறுக்கு அவிழ்ந்து, சேமித்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே கதவு மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முறுக்கு மிக அதிகம். அமைதியாக மூடிக் கிடக்கும் கதவுக்கு மேலேதான் அபாயம் காத்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கதவின் தலைக்கு மேல் இரும்புத் தண்டில் கோத்திருக்கும் முறுக்கு ஸ்பிரிங். மற்றது, இரு பக்கத் தண்டவாளங்களை ஒட்டி நீண்டு சுருங்கும் இழுவை ஸ்பிரிங். இரண்டாவது ஜாதியாக இருந்தால், அதன் நடுவே ஒரு பாதுகாப்புக் கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், அறுந்த ஸ்பிரிங் அம்பு போல் பாய்ந்து யாரையாவது பதம் பார்த்துவிடும்.

ஆயுள் எவ்வளவு?

ஸ்பிரிங்கின் வயதை வருஷத்தில் கணக்கிடக் கூடாது. எத்தனை தடவை திறந்து மூடினோம் என்பதே கணக்கு. சாதாரண ஸ்பிரிங்குக்குச் சுமார் 10,000 தடவை என்று வைத்திருக்கிறார்கள். தினம் 4 தடவை திறந்து மூடும் வீட்டில் அது ஏழு வருஷத்தை எட்டுவதற்குள் முடிந்துவிடும். தினம் 8 தடவை என்றால் மூன்றரை வருஷம்கூட நிற்காது. துரு ஏறினால் இன்னும் சீக்கிரம்.

எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, கதவை முழுவதும் மூடுங்கள். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். கதவைக் கையால் இடுப்பளவு உயர்த்தி, மெல்ல விட்டுப் பாருங்கள். நின்ற இடத்தில் நின்றால் க்ஷேமம். கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேலே ஓடினால் முறுக்கு அதிகம். தூக்கவே முடியாமல் கனத்தால், அப்படியே விட்டுவிடுங்கள்.

அறுந்துபோனால் அதுவே அறிவித்துவிடும். யாரும் இல்லாத ஷெட்டில் வேட்டுப் போட்டது போல் 'டமால்' என்று ஒரு சத்தம்! போய்ப் பார்த்தால் சுருளின் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. பொத்தானை அமுக்கினால் கதவு அரை அடி எழும்பி நின்றுவிடும். அல்லது ஒரு பக்கமாகச் சாயும். இழுகம்பி தொய்ந்து தொங்கும். இதில் எதைக் கண்டாலும் மறுபடி பொத்தானைத் தொடாதீர்கள். தாங்க முடியாத பாரத்தை மோட்டார் இழுக்கப் பார்த்து, அதன் பல்சக்கரமும் தேய்ந்துபோகும்.

கதவு மேலே நிற்கும்போது ஸ்பிரிங் அறுந்திருந்தால் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. கதவு முழு கனத்தோடும் தலையில் இறங்கும்!

"கதவின் காலடியில் மின்கண் இருக்கிறதே; குழந்தை குறுக்கே வந்தால் கதவு திரும்பிவிடுமே" என்பார்கள். 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு இத்தகைய பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் மின்கண் மோட்டாருக்குத்தான் கட்டளையிடும். மோட்டாரிலிருந்து விடுபட்டுத் தானாக விழும் கதவு யார் பேச்சையும் கேட்காது.

கைவைத்தியம் வேண்டாம்

வருஷத்துக்கு ஓரிரு முறை சுருளில் எண்ணெய் தெளிக்கலாம். இது வீட்டுக்காரர் வேலை. முறுக்கைக் கூட்டுவதும் குறைப்பதும் தொழில் தெரிந்தவர் வேலை. அதற்கென்றே அளவான இரும்புக் கோல்கள் உண்டு. திருப்புளியைச் செருகித் திருகப் போனால், அது கையிலிருந்து பறந்து விரலையோ கண்ணையோ கொண்டுபோய்விடும். நாலு காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

ஆள் வந்ததும், இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றாகப் பிறந்து ஒன்றாக உழைத்தவை. ஒன்று போனால் மற்றதும் அதிக நாள் நிற்காது. 20,000 தடவைக்கு மேல் தாங்கும் ஸ்பிரிங்குகளும் உண்டு, விசாரியுங்கள்.

அடுத்த முறை அமெரிக்காவிலிருந்து பிள்ளையோ பெண்ணோ டெலிபோனில் கூப்பிட்டால், "சாப்பிட்டாயா? குழந்தை சௌக்கியமா?" என்று கேட்ட கையோடு, "கராஜ் ஸ்பிரிங்குக்கு என்ன வயது?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு போய்ப் பார்ப்பார்கள்.