குறைமாதக் குழந்தையின் அசைவுகள்



என் மகள் தன் தலைப்பிள்ளையை 8 வாரம் முன்னதாகவே ஈன்றாள். குழந்தை வீடு வந்த மூன்றாம் நாள் இரவு, அதன் மோவாயும் காலும் படபடவென நடுங்கின. “இது இழுப்புத்தான்” என்று என் மனைவி கலங்கினாள். “எட்டாம் மாதப் பிள்ளை தங்காது” என்றார் பக்கத்து வீட்டு மூதாட்டி. பல்லாண்டுகள் பிள்ளைகளைப் பழக்கிய நானோ செய்வதறியாது நின்றேன்.

உடனே வண்டி பிடித்து மருத்துவரிடம் விரைந்தோம். அவர் நடுங்கிய காலை மடக்கி, உள்ளங்கையில் மெல்லப் பொதிந்து பிடித்தார், நடுக்கம் நின்றது. இரத்தத்தில் சர்க்கரையும் சுண்ணச் சத்தும் குறைந்தாலும் இவ்வாறு நடுங்கும் என்று சோதித்துப் பார்த்தார், குறையில்லை. அன்று நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கருப்பையில் குழந்தை தங்கும் காலம் ஏறத்தாழ 40 வாரம். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது என்பது உண்மையன்று. கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலுவே சேர்க்கும். முன்னதாகப் பிறந்த குழந்தையின் மூளையும் நரம்பும் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே அதன் அசைவுகள் ஒழுங்கின்றித் தோன்றுவது இயல்பு. ஓசை கேட்டதும் கைகளை விரித்துத் தூக்கிவாரிப் போடுதல், தூக்கத்தில் மட்டும் துள்ளி, விழித்ததும் நின்றுவிடும் வெட்டு, பிடித்தால் அடங்கும் நடுக்கம் ஆகியவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் முதன்முறை கண்டபோது மருத்துவரிடம் காட்டுதலே முறை.

அஞ்சத்தக்கவை எவை? பிடித்தும் நில்லாத துடிப்பு. கண்கள் ஒருபுறம் செருகி நிலைத்தல். வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டே நினைவின்றி இருத்தல். மூச்சு நின்று உடல் நீலம் பாய்தல். இவற்றுள் ஒன்று கண்டாலும் கணமும் தாமதிக்கலாகாது. சில மாதங்கள் சென்றபின், தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து, கைகள் விரிந்து, அடுத்தடுத்துப் பலமுறை வெட்டுமாயின், அதை வயிற்றுவலி என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. அன்றே மருத்துவரை நாடவேண்டும்.

பள்ளிப் பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு பிறந்த நாளையே எழுதினோம். குறைமாதக் குழந்தைக்கோ இரண்டு கணக்கு உண்டு: பிறந்த நாள் ஒன்று, பிறந்திருக்கவேண்டிய நாள் மற்றொன்று. 8 வாரம் முந்திப் பிறந்த குழந்தைக்கு 5 மாதம் ஆனால், வளர்ச்சியை அளக்க அதனை ஏறக்குறைய 3 மாதக் குழந்தையாகவே கொள்ளவேண்டும். எதிர்வீட்டுக் குழந்தை குப்புற விழுந்ததைக் கண்டு ஏங்கவேண்டுவதில்லை.

ஹைன்ஸ் பிரெக்டல் என்னும் அறிஞர் குழந்தைகளின் இயல்பான அசைவுகளை ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கினார். இரண்டாம் கணக்குப்படி 3 மாத அளவில் கழுத்திலும் கைகால்களிலும் தோன்றும் சிறு சிறு அசைவுகள் நரம்பின் நலத்தைக் காட்டும் என்றும், அவை தோன்றாவிடில் கூர்ந்து கவனிக்கவேண்டும் என்றும் அவரும் உடனுழைத்தோரும் 1997ல் எடுத்துரைத்தனர். ஆதலின் அசைவு மிகுதியே ஆபத்து என்பதில்லை. அசைவின்மையும் ஒரு குறிப்பே.

பெற்றோர் செய்யத்தக்கது எளிது. கைபேசியில் அசைவைப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்; எப்போது, எவ்வளவு நேரம் என்று குறித்து வையுங்கள். சூடு போடுதல், புகை காட்டுதல், வாயில் எதையேனும் புகட்டுதல், உலுக்கி எழுப்புதல் ஆகியவை வேண்டா.

என் பேரன் இப்போது திண்ணையைப் பிடித்து நடக்கிறான். எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் நடப்பதில்லை. சிலருக்குப் பயிற்சியும் தேவைப்படும். அதனை விரைவில் அறிவதே நலம். அச்சத்தால் கண்ணை மூடிக்கொள்ளாமல், அன்பினால் கண்ணைத் திறந்து பாருங்கள்.